சார்ட்டர் பள்ளியில் மகனைச் சேர்த்தபோது யாரும் சொல்லாதவை

கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஒரு சார்ட்டர் மிடில் ஸ்கூலில் என் மகன் ஆறாம் வகுப்பில் சேர்ந்து, போன ஜூனில் எட்டாம் வகுப்பை முடித்தான். பாடப்புத்தகத்தையும் வாராந்தரத் தேர்வையும் வைத்து நடத்தாமல், மாதக்கணக்கில் நீளும் ப்ராஜெக்ட்களை வைத்து நடத்தும் பள்ளி அது. சேர்க்கும்போது அதன் நடைமுறையைச் சொல்ல எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் பள்ளியின் ரேட்டிங்கைப் பார்த்து கூபர்டினோ, ஃப்ரீமான்ட் என்று வீடு மாறியவர்கள். அந்த வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதே கோடையில் கணவருக்கு வேலை டாலஸுக்கு மாறியது. மாதம் ஒருமுறை வார இறுதியில் வருவார், திங்கள் காலை விமானம் ஏறிவிடுவார். மகன், அவனுக்கு மூன்று வயது இளையவளான மகள், ஒரு பல் கிளினிக்கில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குக் கணக்கு எழுதும் வேலை, இவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் தனியாக நின்றேன். அந்த முதல் ஆண்டை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. இப்போது கோவிலிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் "அக்கா, அந்த ஸ்கூல் எப்படி?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். நின்றுகொண்டு ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது.

முதலில் சார்ட்டர் பள்ளி என்றால் என்ன என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் பலர் இதைத் தனியார் பள்ளி என்றே நினைக்கிறார்கள். இது அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளிதான். கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது, மதம் சார்ந்து நடத்தக் கூடாது. 1991-ல் மினசோட்டா மாநிலம் இதற்கு முதல் சட்டம் போட்டது, அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவும் போட்டது. வழக்கமான பள்ளிக்கூட நிர்வாகத்துக்கு வெளியே இருக்கும் ஒரு குழு, "நாங்கள் இப்படி நடத்துகிறோம்" என்று உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் டிஸ்ட்ரிக்ட் நிர்வாகத்திடமோ கவுண்டி (மாவட்டம்) கல்வி அலுவலகத்திடமோ எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குகிறது. அந்த அனுமதிப் பத்திரத்துக்குத்தான் சார்ட்டர் என்று பெயர். அது நிரந்தரம் அல்ல. பொதுவாக ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எனவே உங்கள் முதல் கேள்வி, "இந்தப் பள்ளியின் சார்ட்டர் எந்த ஆண்டு புதுப்பிப்புக்கு வருகிறது?" என்பதாக இருக்கட்டும். உங்கள் பிள்ளை ஏழாம் வகுப்பில் இருக்கும்போது அது வருகிறது என்றால், முந்தைய புதுப்பிப்பின்போது என்ன குறை சொன்னார்கள் என்று தேடிப் படியுங்கள். அவை எல்லாம் பொது ஆவணங்கள். சார்ட்டர் என்றாலே ப்ராஜெக்ட் முறை என்றும் இல்லை. சில சார்ட்டர்களில் சீருடை, அமைதி, ஓயாத தேர்வு என்று கண்டிப்பு இருக்கும். ப்ராஜெக்ட் வழியில் பெயர் பெற்றது 2000-ல் சான் டியேகோவில் தொடங்கிய ஹை டெக் ஹை. அதைப் பார்த்து நடப்பவை நிறைய. பெயரை வைத்து முடிவு செய்யாமல், ஒரு முழு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.

இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக வந்தால் பொதுவில் குலுக்கல் நடத்த வேண்டும் என்பது மாநிலச் சட்டம். முதலில் வந்தவருக்கு முதலில் என்பது கிடையாது, எனவே கடைசி தேதிக்குள் எப்போது கொடுத்தாலும் ஒன்றுதான். டிஸ்ட்ரிக்ட்டுக்குள் குடியிருப்பவர்களுக்கு முன்னுரிமை உண்டு, ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் உடன்பிறப்புகளுக்கும் பெரும்பாலான பள்ளிகள் தருகின்றன. எங்களுக்கு இரண்டுமே இல்லை. குலுக்கலில் வெயிட்லிஸ்ட்தான் கிடைத்தது. ஏப்ரலில் பயம் பிடித்துக்கொண்டது. பக்கத்து டிஸ்ட்ரிக்ட் பள்ளியைப் பற்றி மகனுடைய நண்பர்கள் சொன்ன அடிதடிக் கதைகளைக் கேட்டு, ஒரு தனியார் பள்ளியில் ஆயிரம் டாலர் முன்பணம் கட்டி இடம் பிடித்தேன். ஜூலை கடைசியில் சார்ட்டர் பள்ளியிலிருந்து இடம் வந்தது. பதில் சொல்ல இரண்டே நாள் அவகாசம். முன்பணம் திரும்பவில்லை. வெயிட்லிஸ்ட் கோடை முழுவதும் நகரும், பள்ளி திறந்த முதல் வாரத்திலும் நகரும். வருவேன் என்று சொன்ன குடும்பங்களில் சில வராமல் போவதுதான் காரணம். போன ஆண்டு எத்தனையாம் எண் வரை கூப்பிட்டீர்கள் என்று அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அந்த ஓர் எண் கையில் இருந்தால் முன்பணம் கட்டுவதா வேண்டாமா என்று நிதானமாக முடிவெடுக்கலாம். இடையில் உங்கள் தெருவுக்கு உரிய டிஸ்ட்ரிக்ட் பள்ளியில் பதிவு செய்து வைப்பதற்குக் காசு எதுவும் இல்லை. அதை அவசியம் செய்துவையுங்கள்.

அடுத்தது போக்குவரத்து. என்னை உடைத்தது இதுதான். சார்ட்டர் பள்ளி பஸ் விட வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் கட்டாயம் இல்லை. எங்கள் பள்ளிக்கு மஞ்சள் பஸ் கிடையாது. மகளின் பள்ளி ஒரு திசை, மகனின் பள்ளி மறு திசை, கிளினிக் நடுவில். புதன்கிழமைகளில் ஆசிரியர்கள் கூடி ப்ராஜெக்ட் திட்டமிடுவதற்காக மதியமே விட்டுவிடுவார்கள். பள்ளி முடிந்த பின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அங்கேயே இருந்தது, ஆனால் அதற்கும் தனி வெயிட்லிஸ்ட். வெளியில் ஓர் இடத்தில் மாதம் அறுநூற்றைம்பது டாலர் கொடுத்தேன். புதன் மதியங்களில் வேலையை விட்டு ஓடிவந்து கடைசியில் வேலை நேரத்தையே குறைத்துக்கொண்டேன். சம்பளத்தில் கிட்டத்தட்டக் கால்வாசி போனது. கட்டணமில்லாப் பள்ளி என்று சொல்லித்தான் சேர்த்தோம், முதல் ஆண்டு முடிவில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது அழுகை வந்தது. இரண்டாம் ஆண்டில் நிலைமை மாறியதற்கு ஒரே காரணம் கார்பூல், அதாவது சில குடும்பங்கள் முறைவைத்துப் பிள்ளைகளைக் காரில் கொண்டுவிடுவது. எங்கள் ஜிப் கோடில் இருக்கும் குடும்பங்களுக்கு என் மின்னஞ்சலை அனுப்பிவைக்க முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டேன். ஒரு வியட்நாமியக் குடும்பமும் ஒரு மெக்சிகக் குடும்பமும் பதில் எழுதின. அதை ஆகஸ்டிலேயே கேட்கலாம் என்று எனக்குத் தெரிந்திருந்தால் அந்த ஆண்டே வேறு மாதிரிப் போயிருக்கும். ஒரு நல்லதும் சொல்ல வேண்டும்: 2022-23 கல்வியாண்டிலிருந்து கலிஃபோர்னியாவில் எல்லாப் பொதுப் பள்ளிகளிலும் காலை, மதிய உணவு எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். சார்ட்டருக்கும் இது பொருந்தும். எங்களைப் போல் சைவம் என்றால் என்னென்ன கிடைக்கும் என்று மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேர்ந்த வாரத்தில் வந்த பொட்டலத்தில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்றில் ஒவ்வொரு குடும்பமும் இவ்வளவு மணி நேரம் தன்னார்வப் பணி செய்ய வேண்டும் என்று இருந்தது, மற்றொன்றில் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு டாலர் நன்கொடை என்று இருந்தது. கையெழுத்துப் போடும் இடமும் இருந்தது. இரண்டையும் செய்யாவிட்டால் இடம் போய்விடுமோ என்று நடுங்கினேன், கணவரிடம்கூடச் சொல்லவில்லை. உண்மை என்னவென்றால், பெற்றோர் உழைப்பைச் சேர்க்கைக்கோ தொடர்ந்து படிப்பதற்கோ நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று 2017-ல் இங்கே சட்டமே வந்துவிட்டது. பாடத்தோடு சேர்ந்த எதற்கும் கட்டாயப் பணம் வாங்கக் கூடாது என்பதும் சட்டம். ஃபீல்ட் டிரிப்புக்கு உட்பட எல்லாம் விருப்ப நன்கொடைதான், கொடுக்காத வீட்டுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. இதைத் தெரிந்துகொண்டு, முடிந்ததை முடிந்தபோது கொடுங்கள். நேரம் கொடுக்க முடிந்தால் நிச்சயம் கொடுங்கள், இந்த மாதிரிப் பள்ளி பெற்றோர் கை இல்லாமல் ஓடாது. வாரம் தவறாமல் வெளியே போகிறார்கள், கார் ஓட்ட ஆள் வேண்டும். அதற்குக் கைரேகைச் சோதனை, கார் காப்பீட்டுத் தாள், காசநோய்ச் சோதனை எல்லாம் கேட்பார்கள். நம் ஊரில் பிறந்தவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சங்கடம் உண்டு. சிறுவயதில் பிசிஜி தடுப்பூசி போட்டிருப்பதால் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை தடித்துப்போய் 'பாசிட்டிவ்' என்று வந்துவிடலாம். எனக்கு அப்படித்தான் வந்தது. எக்ஸ்ரே எடுத்து, டாக்டரிடம் கடிதம் வாங்கி முடிப்பதற்குள் முதல் ப்ராஜெக்டே பாதி முடிந்துவிட்டது. தோல் சோதனைக்குப் பதிலாக ரத்தச் சோதனை கேளுங்கள். அந்தத் தடுப்பூசியால் ரத்தச் சோதனை பாதிக்கப்படாது.

இனிப் படிப்பு. இவ்வளவு கஷ்டத்துக்கும் நடுவில் அவனை அங்கிருந்து எடுக்காமல் இருந்ததற்கு இதுதான் காரணம். ஏழாம் வகுப்பில் ஒரு கேள்வியோடு ப்ராஜெக்ட் தொடங்கியது: "நம் ஊர் நீர்த்தேக்கத்து மீனை ஏன் சாப்பிடக் கூடாது?" சான் ஹோசேயின் தெற்கே நியூ ஆல்மடன் என்று ஒரு பழைய பாதரசச் சுரங்கம் இருக்கிறது, இப்போது அது கவுண்டிப் பூங்கா. நம் நாட்டு மருந்துக் கடையில் சாதிலிங்கம் என்று விற்பார்களே, அந்தச் சிவப்புக் கல்லை அங்கே தோண்டி, சூளையில் சுட்டுப் பாதரசம் எடுத்தார்கள். 1849 தங்க வேட்டைக் காலத்தில் சியரா மலைப் பக்கம் தங்கத்தைப் பிரித்தெடுக்க அந்தப் பாதரசம் தேவைப்பட்டது. அதற்கெல்லாம் முன்பே ஓலோனி பழங்குடி மக்கள் அந்தச் சிவப்பைச் சாயமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சுரங்கம் மூடிப் பல காலம் ஆகியும் கழிவு மண் ஓடைகளில் கரைந்து குவாடலூப்பே ஆற்று வழியாக சான் ஃப்ரான்சிஸ்கோ விரிகுடா வரை போகிறது. நீருக்கடியில் இருக்கும் பாக்டீரியா பாதரசத்தை மீத்தைல் மெர்க்குரியாக மாற்றுகிறது. அது சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறி ஏறிச் சேர்கிறது. சமூகவியல், வேதியியல், உயிரியல், கட்டுரை எல்லாம் இந்த ஒரே கேள்விக்குள் வந்தன. எந்த அளவுள்ள மீனை, எந்த வயதுக்காரர், வாரத்தில் எத்தனை முறை என்று விகிதக் கணக்கும் வந்தது. கடைசியில் மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு ஆங்கிலம், ஸ்பானிஷ், வியட்நாமிய மொழிகளில் ஓர் எச்சரிக்கைத் துண்டறிக்கை தயாரித்தார்கள். முதல் வரைவை ஆசிரியர் திருத்தித் தரவில்லை. வகுப்புப் பிள்ளைகளே சுவரில் ஒட்டிவைத்துப் படித்து, எது புரியவில்லை, எதை மாற்றலாம் என்று எழுதி ஒட்டினார்கள். அவன் திரும்பத் திரும்ப எழுதினான். கார்பூல் வீட்டுப் பாட்டியிடம் வியட்நாமிய வரியை வாசித்துக் காட்டி, அவர் முகம் சுளித்த இடத்தை மாற்றினான். வீட்டில் பென்சிலைத் தொடவே கெஞ்ச வேண்டியிருந்த பிள்ளை இவன். ப்ராஜெக்ட்களை வெளியாட்களுக்குக் காட்டும் எக்ஸிபிஷன் இரவில் அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் தாளைப் பார்க்காமல் பதில் சொன்னான். அன்றைக்கு நான் பட்ட பெருமையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எல்லா ப்ராஜெக்டும் இப்படி இல்லை. ஆறாம் வகுப்பில் ஒன்று வெறும் அட்டையும் பசையுமாக முடிந்தது. ஆறு வாரம் ஒரு மாதிரி ஊரைக் கட்டினார்கள், அதிலிருந்து என்ன கற்றாய் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆசிரியரைப் பொறுத்துத்தான் எல்லாம் இருக்கிறது, இந்த மாதிரிப் பள்ளிகளில் இளம் ஆசிரியர்கள் வேலைப் பளு தாங்காமல் நடுவில் போய்விடுவதும் உண்டு. அந்த ஆண்டு அவனுடைய அறிவியல் ஆசிரியை டிசம்பரோடு போனார். சேரும் முன் "இங்கே மூன்று ஆண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் எத்தனை பேர்?" என்று தயங்காமல் கேளுங்கள். குழு வேலையும் ஒரு பெரிய தலைவலி. நான்கு பேர் குழுவில் ஒருவன் எதுவும் செய்யவில்லை, என் மகன் இரவு பதினொரு மணிக்கு அவன் பங்கையும் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தான். "சொன்னா அவன் என்னோட பேச மாட்டான்மா" என்றான். நான் ஆசிரியருக்கு நீளமாக எழுதவில்லை. குழுவுக்கு எவ்வளவு, தனியாளுக்கு எவ்வளவு மதிப்பெண் என்று மட்டும் கேட்டேன். தனியாள் வேலைக்குத் தனி மதிப்பீடு இருந்தது, அவரவர் என்ன செய்தார் என்று பிள்ளைகளே வாராவாரம் எழுதும் படிவமும் இருந்தது. மகன் அதை நிரப்பாமல் விட்டிருந்தான். நிரப்ப ஆரம்பித்த பின் ஆசிரியரே அந்தக் குழுவைக் கவனித்துப் பிரித்துவிட்டார். ஒவ்வொரு ப்ராஜெக்ட் தொடக்கத்திலும் மதிப்பீட்டு அட்டவணையையும் தேதிகளையும் கேட்டு வாங்கிக் குளிர்பெட்டி மேல் ஒட்டிவிடுங்கள். கடைசி வாரத்தில் எல்லாம் குவிவதை அது ஓரளவு தடுக்கும்.

மதிப்பெண் என்று வரும்போது வீட்டில் பெரும் போராட்டம். ஏ, பி கிடையாது, ஒன்று முதல் நான்கு வரை. மூன்று என்றால் அந்த வகுப்புக்கு எதிர்பார்க்கும் நிலையை எட்டிவிட்டான் என்று அர்த்தம். ஊரிலிருந்து என் மாமியார் வீடியோ காலில், "நாலுக்கு மூணுன்னா எழுபத்தஞ்சுதானேம்மா? எத்தனாவது ரேங்க்?" என்று கேட்டார். "அத்தை, இங்க ரேங்க் கிடையாது, மூணு நல்ல மார்க்தான்" என்று சொல்லிப் பார்த்தேன், அவர் நம்பவில்லை. பெற்றோர் சந்திப்பையும் பிள்ளையே நடத்துகிறான். தன் வேலைகளை எடுத்துவைத்து, இதில் நன்றாகச் செய்தேன், இதில் தடுமாறினேன் என்று நமக்கும் ஆசிரியருக்கும் விளக்குவான். நாம் குறுக்கே பேசக் கூடாது. அங்கே நேரம் போதாது, நம் கேள்விகளும் நிற்கும். எனவே அந்தச் சந்திப்பு முடிந்ததும் ஆசிரியரோடு தனியாகக் கால்மணி நேரம் கேட்டு வாங்கிவிடுங்கள். கேட்டால் தருவார்கள், அவர்களாகச் சொல்வதில்லை.

நான் மிகவும் கவலைப்பட்டது கணக்கில். ப்ராஜெக்ட்டுக்குள் வரும் கணக்கு சுவாரசியமானது, ஆனால் திட்டுத் திட்டாக வரும். எதிர்ம எண்கள், சமன்பாடுகள் போன்றவை எந்த ப்ராஜெக்ட்டிலும் இயல்பாக வந்து விழாது. அவற்றுக்கு அன்றாடப் பயிற்சி வேண்டும். நல்ல ப்ராஜெக்ட் பள்ளிகள் கணக்குக்குத் தனி வகுப்பு வைத்துவிடுகின்றன. எங்கள் பள்ளியில் அறிவியலோடு சேர்த்தே வைத்திருந்தார்கள். மாநிலத் தேர்வு சார்ட்டருக்கும் உண்டு. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை ஆண்டுதோறும் ஆங்கிலமும் கணக்கும் எழுத வேண்டும். முடிவு வீட்டுக்கு வருவதற்குள் கோடை வந்துவிடும். அதே தேர்வின் மாதிரித் தாள்கள் இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை வீட்டிலேயே எழுத வைத்தேன். வாசிப்பில் வெளுத்து வாங்கினான், கணக்கில் ஆறாம் வகுப்புப் பாடத்திலேயே ஓட்டைகள். ஒரு ட்யூட்டரிடம் மணிக்கு அறுபது டாலர் கொடுத்துப் பார்த்தேன், இரண்டு மாதத்துக்கு மேல் முடியவில்லை. பிறகு கான் அகாடமி என்ற இலவச இணையப் பாடத்தளத்தில் அவன் வகுப்புப் பாடத்தை வரிசையாக, இரவு சாப்பாட்டுக்கு முன் அரைமணி நேரம் என்று ஏழாம் வகுப்பு முடியும் வரை பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வைத்தேன். அது போதுமானதாக இருந்தது. இன்னொன்றையும் யோசியுங்கள். இங்கே பல டிஸ்ட்ரிக்ட் பள்ளிகளில் தகுதியுள்ள பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 எடுக்கிறார்கள். ஒன்பதில் அதைத் தொடங்கினால் பன்னிரண்டில் ப்ரீ-கால்குலஸ்தான் வரும். உங்கள் பிள்ளைக்கு கால்குலஸ் வேண்டும் என்றால், எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா உண்டா என்று ஆறாம் வகுப்பிலேயே கேளுங்கள்.

நம் குடும்பங்களுக்கு மட்டுமே வரும் சிக்கல் ஒன்று, டிசம்பரில் ஊருக்குப் போவது. கலிஃபோர்னியாவில் பள்ளிக்குப் பணம் பிள்ளைகளின் அன்றாட வருகையை வைத்துத்தான் வருகிறது. சிறிய சார்ட்டருக்கு ஒவ்வொரு நாள் வருகையும் முக்கியம், அதனால் விடுமுறைக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து நாள் சேர்த்துக்கொள்வதை அவர்கள் ரசிப்பதில்லை. போகும் முன்பே இன்டிபென்டன்ட் ஸ்டடி (பள்ளிக்கு வராமல் வெளியிலிருந்தே பாடத்தைச் செய்வது) ஒப்பந்தம் எழுதி வாங்கி, கொடுத்த வேலையை முடித்துத் திருப்பினால் வருகைக் கணக்கில் சேரும். திரும்பி வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். எழுத்து மூலம் முன்னறிவிப்புத் தராமல் பள்ளி உங்கள் பிள்ளையின் பெயரை எடுத்துவிட முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விடுமுறைக்கு அடுத்த வாரம் எக்ஸிபிஷன் இருந்தால் மட்டும் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். குழுவில் ஒருவர் இல்லாமல் போனால் மற்ற மூன்று பிள்ளைகள்தான் சுமக்கிறார்கள்.

ஒத்துவரவில்லை என்றால் நடு ஆண்டிலும் விலகலாம். உங்கள் டிஸ்ட்ரிக்ட் உங்கள் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். தெருவுக்கு உரிய பள்ளியே கிடைக்கும் என்று உறுதியில்லை, அது நிரம்பியிருந்தால் வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். என் தோழி ஒருவர் அப்படி மகளை எடுத்துவிட்டார். என்ன செய்ய வேண்டும், எப்போது முடிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னால்தான் அந்தப் பெண்ணுக்கு நிம்மதி. திறந்த கேள்விகள் அவளை அழ வைத்தன. டிஸ்ட்ரிக்ட் பள்ளியில் இப்போது நன்றாக இருக்கிறாள். என் மகனுக்குக் கை, வாய், கால் மூன்றும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அவனுக்கு அது பொருந்தியது.

ஒன்பதாம் வகுப்புக்கு டிஸ்ட்ரிக்ட் ஹை ஸ்கூலில் சேர்த்தோம். கணக்கில் எந்த வகுப்பில் போடுவது என்பதை ஒரே தேர்வை வைத்து முடிவு செய்யாமல் பல அளவுகோல்களைப் பார்க்க வேண்டும் என்று 2015-லேயே இங்கே சட்டம் இருக்கிறது. பள்ளி தொடங்கிய முதல் மாதத்துக்குள் மறுபடி பார்த்துச் சரிசெய்யவும் வழி உண்டு. பழைய பள்ளியின் ஒன்று-முதல்-நான்கு மதிப்பெண் தாளை, புதுப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட வகுப்பு ஒதுக்கும் கவுன்சிலரால் படிக்க முடியவில்லை. கணக்கு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு பக்கக் கடிதமும், மாநிலத் தேர்வு முடிவும் வாங்கி வைத்திருந்ததால் வேலை நடந்தது. கடிதத்தை ஜூன் முடிவதற்குள் வாங்கிவிடுங்கள், கோடையில் ஆசிரியர்கள் கிடைக்க மாட்டார்கள். பள்ளி தந்த ஆன்லைன் அக்கவுண்டில் இருக்கும் ப்ராஜெக்ட் கோப்புகளையும் சொந்த அக்கவுண்டுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், படிப்பு முடிந்ததும் பள்ளி அக்கவுண்டை மூடிவிடுவார்கள்.

மகளுக்கு இந்த ஆண்டு ஆறாம் வகுப்பு. அவளையும் அங்கேதான் சேர்க்க நினைத்தேன், அண்ணன் படித்த பள்ளி என்பதால் இடம் உறுதி என்று நம்பியிருந்தேன். உடன்பிறப்பு முன்னுரிமை, அண்ணன் அப்போது அந்தப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தால் மட்டுமே என்று சேர்க்கை விதியில் இருக்கிறது. அவன் எட்டாம் வகுப்பு முடித்து வெளியேறுகிற ஆண்டில்தான் இவள் உள்ளே போகிறாள், எனவே பொதுக் குலுக்கல்தான். முன்னாள் மாணவர் குடும்பங்களுக்கும் முன்னுரிமை தரும் பள்ளிகள் இருக்கின்றன. மூன்று வயது இடைவெளி உள்ள பிள்ளைகள் இருந்தால், மூத்தவருக்கு விண்ணப்பிக்கும்போதே அந்த வரியைப் படித்துவிடுங்கள். அவளுக்கு இப்போது வெயிட்லிஸ்டில் இடம். டிஸ்ட்ரிக்ட் பள்ளியில் பதிவு செய்துவிட்டேன், தனியார் பள்ளி எதற்கும் முன்பணம் கட்டவில்லை.